உர ரூமில் ஆபீஸ்

எங்கள் வீட்டில் உர ரூம் என்று ஒன்று உண்டு. அப்பா விவசாயம் பார்த்த காலத்தில் யூரியா மூட்டை, பருத்தி விதை, மருந்தடிக்கிற டின், கிழிந்த தார்ப்பாய் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். வண்டியிலிருந்து மூட்டையை நேராக இறக்குவதற்குப் பக்கவாட்டுத் தெருவில் ஒரு கதவு, வீட்டுக்குள்ளிருந்து எடுப்பதற்குப் பட்டாசாலைப் பக்கம் ஒரு கதவு என்று அதற்கு இரண்டு வாசல். பட்டாசாலை என்பது எங்கள் நடுக்கூடம், அதில்தான் அப்பாவின் கட்டில். நடுவில் ஒற்றைச் சுவர். அந்த ஒற்றைச் சுவரை நம்பித்தான் நான் சென்னையிலிருந்து கிளம்பி வந்தேன்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கம்பை ஊன்றி நடக்கவும் செய்தார். ஆனால் மதுரை டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மாத்திரை ஒரு வேளை தவறினாலும் பார்த்துக்கொள்ளலாம், கீழே மட்டும் விழுந்துவிடக் கூடாது என்றார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவர் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க அவளால் ஆகாது. நான் ஒரே பிள்ளை. மனைவிக்குச் சென்னையில் பள்ளிக்கூட வேலை, பிள்ளைகளுக்கும் அங்கேயே படிப்பு. ஆக, நான் மட்டும் வருவதென்று முடிவானது.

என்னுடைய வேலை சிங்கப்பூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு மென்பொருள் பார்ப்பது. காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் நாலரை வரை, பாதி நேரம் பேச்சிலேயே போகும். வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டபோது என் மேலதிகாரி யோசித்துவிட்டு மூன்று மாதம் தந்தார். லைன் அறுந்து போகக் கூடாது, பேசும்போது பின்னால் சத்தம் வரக் கூடாது, சரிப்படவில்லையென்றால் மறுபேச்சு இல்லாமல் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். எங்கள் ஊரை அவர் பார்த்ததில்லை.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல் காடு, மானம் பார்த்த பூமி. இதில் சத்தத்துக்கு எங்கே போவது என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். முதல் நாளே என் நினைப்பில் மண் விழுந்தது.

முதலில் ரூமைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழுவி வெள்ளையடித்தும் யூரியா வாடை போகவில்லை. கழுவிவிட வசதியாகத் தரையைத் தெருக்கதவுப் பக்கம் வாட்டமாகப் போட்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டையில் ஒரு கடையில், முதுகு வலிக்கவே வலிக்காது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். லோடு ஆட்டோவில் அதைக் கொண்டுவந்து இறக்கி, முதல் மீட்டிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் என் பாதி முகம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காதும் தோளும். நாற்காலி தரை வாட்டத்துக்குத் தானாகவே கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சக்கரத்துக்கு இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்தேன். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய நாற்காலி செங்கல்லின் தயவில்தான் நின்றது.

ஃபேனைப் போட்டால் மைக்கில் காற்று இரைந்தது. ஃபேனை நிறுத்தினால் சட்டை ஒட்டிக்கொண்டது. ஏசி மாட்டலாமென்றால், எங்கள் ஊர் மின்சாரத்துக்கு மிக்சி ஓடினாலே பல்பு கண்ணைச் சிமிட்டும். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் எடுக்கிற கரண்டைச் சாயங்காலம் கொடுப்பார்கள். அதற்காகப் பெரிய பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டேன். இணையத்துக்குத் திருச்சுழியிலிருந்து கேபிள்காரர் வந்து கருவேல மரத்துக்கு மரம் கட்டி ஒயரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். காற்றடித்தால் ஒயர் ஆடும். ஒயர் ஆடினால் நான் மோடத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கக் கூடியதுதான். சத்தத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. கல் உப்பு விற்கிறவர் ரெக்கார்டு பண்ணின குரலைப் போட்டுக்கொண்டு வண்டியில் வருவார். அவர் போனால் பழைய இரும்புக்காரர். காதுகுத்தோ சடங்கோ, யார் வீட்டு விசேஷமானாலும் குழாய் ரேடியோ எங்கள் வீட்டு எதிர் போஸ்ட்டில்தான் கட்டுவார்கள், அதுதான் உயரம். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது மயில். கொல்லைச் சுவரில், சரியாக உர ரூம் ஜன்னலுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து அகவும். ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது சிங்கப்பூர் கம்பெனி அம்மாள் ஒருவர் பதறிப்போய், உங்கள் வீட்டில் ஏதாவது குழந்தை அழுகிறதா, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மயில் என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. என் மேலதிகாரி அன்றைக்குத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று மாதக் கணக்கை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

இத்தனைக்கும் மேலே ஊர்க்காரர்கள். நான் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்திருக்கிற செய்தி பரவியதும், பயிர்க் காப்பீட்டுக்கு எழுத, ஆதாரில் செல் நம்பரை மாற்ற, பட்டாவில் பெயரைப் பார்க்க என்று ஆள் வர ஆரம்பித்தது. நான் வேலையில் இருக்கிறேன் என்றால், வீட்டில்தானே இருக்கே என்றார்கள். எங்கள் ஊரில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் அந்த வீட்டில் சண்டை, அல்லது படுக்கையில் யாரோ கிடக்கிறார்கள் என்று அர்த்தம். நான் சாத்தினதும், அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று இரண்டு பேர் ஹார்லிக்ஸோடு வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, இந்த வேலை போனால் நான் இங்கே இருக்க முடியாது, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று முதலில் சொன்னேன். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"ரூம்புக் கதவு சாத்தியிருந்தா நான் ஊர்லயே இல்லன்னு நெனச்சுக்கங்க."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, முகம் கழுவி, வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, முன்வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சீக்கு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதோடு ஒரு சட்டமும் போட்டார். நான் பட்டாசாலைக் கதவு வழியாக உர ரூமுக்குள் நுழையப் போனேன். அவர் விடவில்லை. வேலைக்குப் போகிறவன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றார். ஆகவே நான் தினமும் குளித்து, சட்டை மாட்டி, முன்வாசலில் இறங்கி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தெருக்கதவு வழியாக உர ரூமுக்குள் போனேன். மொத்தம் முப்பது காலடி வரும். போகும்போது அப்பா, "போய்ட்டு வா" என்பார். நானும் சிரித்துக்கொண்டே, "வாரேன்ப்பா" என்பேன். ஒருநாள் கண்ணாடியை மறந்துவிட்டுக் கிளம்பினேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். அப்பாவுக்கு வந்ததே கோபம். வேலைக்குக் கிளம்பிப் போகிறவனைப் பின்னால் கூப்பிடுகிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா என்று வாய் குழறக் குழறத் திட்டினார். அம்மா கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்து, சத்தமில்லாமல் தெருக்கதவு நிலையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்பாவின் காவல் அற்புதமாக வேலை செய்தது. யார் வந்தாலும், அவன் ஊரில் இல்லை, சாயங்காலம் வா என்று அனுப்பிவிடுவார். சித்தப்பா முறையுள்ள ஒருவர் ஜன்னல் வழியாக என் குரலைக் கேட்டுவிட்டு, உள்ளேதான் பேசுகிறான் என்று சொல்லியிருக்கிறார். அதற்கும் அப்பா அசரவில்லை. "அது ஆபீஸ்லருந்து பேசுறான்" என்றாராம். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் மனைவியிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அப்பா உப்புக்காரரைக்கூட எங்கள் வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் ரெக்கார்டை நிறுத்த வைத்துவிட்டார். நாலரைக்கு நான் திரும்பி வாசலில் ஏறும்போது, அன்றைக்கு யார் யார் வந்தார்கள், எப்படி அனுப்பினேன் என்று வரிசையாகச் சொல்வார். அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. டாக்டர் சொன்ன பயிற்சியையும் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தார். நான் வந்தது வீண்போகவில்லை என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தப் பெருமையில் ரூமை இன்னும் இறுக்கினேன். பட்டாசாலைக் கதவில் பழைய பஞ்சு மெத்தை ஒன்றை விரித்து ஆணி அடித்தேன். எங்கள் காட்டுப் பருத்தியில் அடைத்த மெத்தை, நல்ல கனம். கொல்லைப் பக்க ஜன்னலைச் சாத்தி, சந்து பொந்தெல்லாம் சாக்கைத் திணித்து, தெர்மோகோல் அட்டை ஒட்டினேன். வெளிச்சத்தத்தை அப்படியே விழுங்கிவிடுகிற ஹெட்போன் ஒன்றையும் வரவழைத்தேன். அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை உட்கார்ந்தபோது என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. இதைத்தானே இத்தனை நாளாகத் தேடினேன் என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பெரிய மீட்டிங் வந்தது. சிங்கப்பூரிலிருந்து எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள், நான்தான் எல்லாவற்றையும் செய்து காட்டிப் பேச வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும். அதே நாளில் பாலவனத்தத்தில் அம்மாவின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. அம்மா சோற்றை வடித்து வைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என்னிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்பாவிடம் என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொன்னாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மீட்டிங் பத்து மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு தடவை எழுந்துவந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் சொம்பைப் பக்கத்தில் வைத்தேன். எதுவாக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்றேன். சரி என்றார். பிறகு முன்வாசலில் இறங்கிச் சுற்றிப் போனேன். அன்றைக்கும் போய்ட்டு வா என்றார்.

மீட்டிங் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. ஒயர் ஆடவில்லை, கரண்டு போகவில்லை. மயில்கூடக் கத்தவில்லை. அன்றைக்குப் பார்த்து மயில் கத்தவில்லையே, நமக்கும் நல்ல நேரம் வந்துவிட்டது என்று பேச்சுக்கு நடுவிலேயே நினைத்தேன்.

பன்னிரண்டுக்கு மேல் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் தெருக்கதவு வழியாக இறங்கிச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். சேர் காலியாக இருந்தது. கட்டிலும் காலி. அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக் கதவு திறந்திருந்தது.

அப்பா கொல்லையில், நான் அட்டை ஒட்டி அடைத்த ஜன்னலுக்கு நேர் கீழே, ஒருக்களித்துக் கிடந்தார். இடது கையில் கம்பு. வெயில் முகத்தில் படாமல் இருக்கத் துண்டை எடுத்து மூடியிருந்தார். தலைக்குச் செருப்பை வைத்திருந்தார். வலது கால் இருக்கக் கூடாத மாதிரி திரும்பிக் கிடந்தது. நான் ஓடிப்போய்த் துண்டை விலக்கினேன். உதடு வறண்டு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டார்.

"முடிஞ்சுருச்சாப்பா?"

நடந்தது அவர் பிறகு சொல்லித்தான் தெரியும், மயில் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் கத்தலுக்கே இவர் எழுந்து, யாரும் இல்லாத வீட்டில் கம்பை ஊன்றிக் கொல்லைக்கு வந்து, அதை விரட்டக் கம்பை ஓங்கியிருக்கிறார். ஓங்கினது ஊன்றுகிற கம்பு. மயில் பறந்துவிட்டது, இவர் விழுந்துவிட்டார். நான் மீட்டிங்கில் வணக்கம் சொல்லிக் கொஞ்ச நேரத்திலேயே நடந்திருக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் வெறும் தரையில், என் நாற்காலியிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் கிடந்திருக்கிறார். கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது, அது வேறு. ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கூப்பிட்டிருந்தால் தெருவே ஓடி வந்திருக்கும்.

"ஏம்ப்பா கூப்பிடல?" என்றேன்.

"நீதான் ஊர்ல இல்லையே" என்றார்.

என்னைக் குத்திக்காட்டச் சொன்னதாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. உப்புக்காரரிடமும் சித்தப்பாவிடமும் சொன்ன அதே குரலில், நடந்ததைச் சொன்னார். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். கூட்டம் கூடினால் சத்தம் வரும் என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். காரியாபட்டி தாண்டும்போது என் செல்லில் மேலதிகாரியின் செய்தி வந்தது. எல்லோருக்கும் ரொம்பத் திருப்தி, பின்னால் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை, இனி நீங்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அப்பா என்ன என்று கண்ணால் கேட்டார். சொன்னேன். வலியில் முகம் கோணியிருந்தாலும் அவருக்குச் சந்தோஷம். நான் செல்லைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவுக கூப்பிட மாட்டாகன்னு ஒனக்குத் தெரியாதாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

இடுப்பெலும்பில் கம்பி வைத்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இனி கம்பு ஊன்றியும் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வந்த அன்றே மெத்தையைப் பிய்த்தேன். ஆணியோடு பஞ்சும் வந்தது. ஜன்னல் அட்டையைக் கிழித்தேன். மேஜையையும் நாற்காலியையும் பட்டாசாலைக்குத் தூக்கிவந்து, கட்டிலை ஒட்டிப் போட்டேன். இங்கே தரை மட்டமாக இருக்கிறது, செங்கல் தேவையில்லை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். முன்வாசல் திறந்தே கிடக்கிறது. உப்பு, இரும்பு, குழாய் ரேடியோ, மயில் எல்லாம் தாராளமாக உள்ளே வருகின்றன. மேலதிகாரிக்கு இதில் வருத்தம்தான். வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.

அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிவிட்டேன். நான் ஆபீஸில் இல்லை, இங்கே உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறேன், எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அன்றைக்கு ஆட்டின மாதிரியே தலையை ஆட்டினார். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் அசையாமல் படுத்துக்கொள்கிறார். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் மீட்டிங் முடிகிறவரை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். தண்ணீர் கேட்பதில்லை. நான் தவறாகச் சொன்ன ஒரு வார்த்தையை அவர் அவ்வளவு சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது சரியாகச் சொல்வது எதுவும் அவருக்குள் இறங்கமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்வேன்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகத் திரும்பினேன். அப்பா நல்ல கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டி நெஞ்சு குலுங்கியது. இருமலை அடக்குகிறார். நான் மைக்கை அணைக்கவில்லை. என் அப்பா இரும வேண்டும், ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சிங்கப்பூர் அம்மாள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

"இருமுங்கப்பா, எல்லாரும் சரின்னுட்டாங்க" என்றேன்.

திரையில் எட்டு முகம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். அப்பா பொத்தின கையை எடுக்காமல், நீ பேசு என்று கண்ணைக் காட்டினார்.